கோயில் விசேஷம் எடுக்க முதல் கேம்கார்டர்: பத்து லட்சத்துக்குள் எது?

ரங்கூன்வாசி:
அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். முதல்முறையாக கேம்கார்டர் வாங்கப் பார்க்கிறேன். கையில் பத்து லட்சம் பர்மா கியாட்தான் இருக்கிறது, பழசு என்றாலும் பரவாயில்லை. தீமிதி, ரத ஊர்வலம், பிள்ளைகளின் ஆண்டுவிழா எல்லாம் எடுத்து மெட்ராஸில் இருக்கும் மாமாவுக்கு அனுப்ப வேண்டும் (அறுபதுகளில் கப்பலேறிப் போனவர், இன்னும் இந்த ஊர்க் கதைதான் பேசுவார்). போனில் ஸூம் செய்தால் அம்மன் முகமே கலங்கிவிடுகிறது. ஆன்லைனில் "4கே, 48 மெகாபிக்சல்" என்று மலிவாக ஒன்று கிடக்கிறது, வாங்கலாமா?

பகோக்காரன்:
அதைத் தொடாதீங்க தம்பி. பெயர் தெரியாத அந்தப் பெட்டிகளில் 16 மடங்கு என்று போட்டிருப்பது டிஜிட்டல் ஸூம், படத்தை வெட்டிப் பெரிசாக்குவது, அதை உங்கள் போனே செய்கிறது. ஆப்டிகல் ஸூம் (லென்ஸே நகர்ந்து கிட்டக் காட்டுவது) எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். நான் சொல்வது பழைய சோனி எச்டிஆர்-சிஎக்ஸ்405, 30 மடங்கு ஆப்டிகல், 4கே கிடையாது, ஃபுல் எச்டிதான், மாமா டிவிக்கு அது தாராளம். கைப்பட்டையிலேயே யூஎஸ்பி வயர் இருக்கிறது, பவர் பேங்கில் சொருகினால் சார்ஜ் ஏறும், நம்ம ஊர் கரண்டுக்கு இதைவிட என்ன வேண்டும்! 24 எம்பிபிஎஸ் (நொடிக்கு 24 மெகாபிட்) என்ற நல்ல தரத்தில் எடுத்தாலும் 32 ஜிபி கார்டில் மூன்று மணி நேரம் கிட்ட வரும். சென்சார் (ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு) சின்னது, வெளிச்சம் குறைந்தால் படம் மணல் மணலாக இருக்கும், அதை மட்டும் பொறுத்துக்கணும்.

மோல்மேன் அக்கா:
எல்லாம் சரி, ஆனால் வாங்கும் முன் கேமராவின் அடியில் 50ஐ என்று இருக்கிறதா, 60ஐ என்று இருக்கிறதா என்று பார்க்கணும் (நொடிக்கு எத்தனை தடவை படம் பதிகிறது என்ற கணக்கு). பர்மாவில் பழைய டிவி முறை என்டிஎஸ்சி, அதனால் 60ஐ தான் நமக்குச் சரி என்று சில கடைக்காரர்களே சொல்வார்கள். டிவி கதை வேறு, விளக்கு கதை வேறு. கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சோக் போட்ட பழைய டியூப் லைட்டுக்குக் கீழே 60ஐ கேமராவில் எடுத்தால் படம் சிமிட்டிக்கொண்டே இருக்கும், மண்டபத்தில் எடுக்கும்போது அது பெரிய தொல்லை. 50ஐ வாங்குங்கள், இந்தியாவிலும் அதே முறைதான்.

அப்புறம் சத்தம். சிஎக்ஸ்405இல் வெளி மைக் மாட்டும் துளையே இல்லை. நாதஸ்வரமும் தவிலும் பக்கத்தில் முழங்கும்போது, பிள்ளை மேடையில் பேசும்போது, உள் மைக்கை நம்பினால் ஏமாந்துதான் போகணும். கேனனின் ஆர்800 வரிசை கிடைத்தால் அதைத்தான் எடுப்பேன், மைக்குக்கும் ஹெட்போனுக்கும் துளை உண்டு, ஸூம் 32 மடங்கு. அமெரிக்காவில் இருந்து வந்தது விக்ஸியா என்ற பெயரில் இருக்கும், அது என்டிஎஸ்சி, அதாவது 60ஐ, அதனால் 50ஐக்கு லெஜ்ரியா என்று இருப்பதைத் தேடுங்கள்.

ரங்கூன்வாசி:
அக்கா, இங்கே ஒருவர் விக்ஸியா வைத்திருக்கிறார், விலையும் ஒத்துவருகிறது. கோயிலில் இப்போது பாதிக்கு மேல் எல்இடி. எடுக்கலாமா?

மோல்மேன் அக்கா:
எல்இடியிலும் மட்டமானது சிமிட்டும். பணம் கொடுக்கும் முன் சாயங்காலம் மண்டபத்துக்கு எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொரு விளக்குக்குக் கீழும் கொஞ்சம் எடுத்து டிவியில் போட்டுப் பார்த்துவிடுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.