பிள்ளைக்குப் பெயர் எப்போது வைத்தீர்கள்? ஆபத்து மிகுந்த கர்ப்பத்தின் கடைசி வாரங்கள்: அனுபவப் பகிர்வு

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்:

எனது மூத்த மகள் சிசேரியனில் பிறந்தவள். இரண்டாவது பிள்ளைக்கு 20ஆவது வாரத்தில் எடுத்த ஸ்கானில், சூல்வித்தகம் (நச்சுக்கொடி) கீழே அமைந்து கருப்பை வாயை மூடியிருப்பதாகச் சொன்னார்கள். கருப்பை வளர வளரப் பெரும்பாலானோருக்கு அது மேலே ஏறிவிடும் என்று கிளினிக்கில் ஆறுதல் கூறினார்கள். ஆனால் 32ஆவது வார ஸ்கானிலும் அது இருந்த இடத்திலேயே இருந்தது. பழைய சத்திரசிகிச்சைத் தழும்பின் மீது படிந்திருந்தமையால், கருப்பைச் சுவருக்குள் ஊடுருவியிருக்குமோ என்ற சந்தேகமும் வைத்தியர்களுக்கு ஏற்பட்டது. அதற்குச் சில நாட்களின் பின், வலி எதுவும் இல்லாமல், குசினியில் நின்றபடியே இரத்தம் போகத் தொடங்கியது. அன்றிரவே வாட்டில் அனுமதித்தார்கள். அதன் பிறகு பிள்ளை பிறக்கும் வரை வீட்டுக்கு விடவில்லை.

பிள்ளை குறைமாதத்தில் பிறக்க நேர்ந்தால் நுரையீரல் தயாராக இருக்கவேண்டும் என்பதற்காக முதலில் டெக்சாமெதசோன் ஊசி போட்டார்கள். எனது இரத்தம் நெகட்டிவ் வகை என்பதால், பொருந்தும் இரத்தத்தை எந்நேரமும் ஒதுக்கி வைத்திருக்கவேண்டியிருந்தது. வாட்டில் விடியும் முன்பே பிரஷர் பார்ப்பார்கள், பின்னர் சீ.டி.ஜி. பட்டியை வயிற்றில் கட்டி, பிள்ளையின் இதயத்துடிப்பைத் தாளில் பதிவார்கள். மிகுதி நேரத்தில், பிள்ளையின் அசைவுகளை எண்ணி அசைவு அட்டையில் புள்ளடி இடுவதுதான் எனது வேலை. பத்து அசைவுகள் நிறைந்துவிட்டால் அன்றைய கடமை முடிந்தது; அதற்கப்பால் படுத்திருப்பவளிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. எந்த நாளில் சத்திரசிகிச்சை, எந்த வகை மயக்க மருந்து, எவ்வளவு இரத்தம் ஒதுக்குவது என்பவற்றையெல்லாம் வைத்தியர்களே தீர்மானித்தார்கள், அதுவே முறையும்கூட. இரத்தப்போக்கு அடங்காவிட்டால் கருப்பையை அகற்றுவதற்கும் சம்மதம் என்று ஒப்பமிட்ட அன்று மாலை, எங்களுக்கென்று மிஞ்சியிருக்கும் ஒரே தீர்மானம் பெயர்தான், அதை இப்போதே எடுத்துவிடுவோம் என்று கணவரிடம் சொன்னேன்.

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவர் பென்சிலால் எழுதத் தொடங்கினார். ஆணா பெண்ணா என்று நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை என்பதால் இரண்டு நிரல்கள் தேவைப்பட்டன. பார்வையாளர் நேரம் முடிவதற்கு மணி அடித்த பின்னரும் கட்டிலின் கால்மாட்டில் நின்று, "நிமலன் வேண்டாம், எனது கந்தோரில் ஒருவர் இருக்கிறார், அவரைப் பார்த்தால் பிள்ளைக்கு அந்தப் பெயர் வைக்க மனம் வராது" என்று அவர் வெட்டியதும், பக்கத்துக் கட்டில் சிங்களப் பெண்மணி என்ன விடயம் என்று விசாரித்துவிட்டுத் தன் பங்குக்கு இரண்டு பெயர்களைச் சொன்னதும் அந்த வாட்டில் நான் உண்மையாகவே சிரித்த சந்தர்ப்பங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த மாமிக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. "வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குப் பேர் பார்க்கிறது வழக்கமில்லை பிள்ளை, நாவூறு பட்டுவிடும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த பிறகு பார்க்கலாம்" என்றார். மாமியின் தாயார் இரண்டு குழந்தைகளைப் பெயர் வைக்கும் முன்பே பறிகொடுத்தவர் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அந்த மறுப்பை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் எனது எண்ணம் மாறவில்லை. பிள்ளை தங்குமோ தங்காதோ என்று மற்றவர்கள் தயங்கும் வேளையில், வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையை ஒரு பெயர் சொல்லி நினைத்துக்கொள்வது எனக்குத் தேவையாக இருந்தது. பிள்ளை தங்காமற் போயிருந்தாலும் அந்தப் பெயரோடுதான் அழுதிருப்பேன்.

வி.ஓ.ஜி. (மகப்பேற்று விசேட வைத்தியர்) 36 வாரம் முடிந்ததும் சத்திரசிகிச்சை என்று ஒரு நாளைக் குறித்ததும், அதுவரை மறுத்த மாமியே பஞ்சாங்கத்தைத் திறந்துவிட்டார்! அன்று அனுஷ நட்சத்திரம். அதற்குப் பெயரின் முதல் எழுத்தாக ந, நி, நு, நே என்பவை வரும். பெண் பிள்ளையென்றால் என்று நான் ஏற்கெனவே தெரிவு செய்திருந்த 'நித்திலா' அதில் அடங்கியதால் வீட்டில் சமாதானம் நிலவியது. சத்திரசிகிச்சைக்கூடத்தின் பட்டியல் ராகு காலம் பார்ப்பதில்லை என்பதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.

குறித்த நாளுக்கு முந்திய நாள் விடியற்காலையில் மீண்டும் இரத்தம் போகத் தொடங்கியது, இம்முறை நிற்கவில்லை. தாதியர் கட்டிலோடு என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். சூல்வித்தகம் சுவரில் ஆழமாக ஒட்டியிராமல் தானாகவே கழன்று வந்ததால் கருப்பை தப்பியது, இரத்தம் ஏற்றினார்கள், மகளும் பிறந்தவுடன் அழுதாள். பிறந்த நேரத்தைக் கேட்டறிந்த மாமி, வாக்கிய பஞ்சாங்கப்படி விசாகம் முடிய இன்னும் சில நாழிகைகள் இருப்பதைக் கண்டார். அப்படியானால் தி, து, தே, தோ எழுத்துகளில்தான் பெயர் வரவேண்டும். பரம்பரையாக வாக்கியமே பார்க்கும் அந்தக் குடும்பத்தில், அன்று முதன்முறையாக, வேறு முறையில் கணிக்கப்படும் திருக்கணித பஞ்சாங்கத்தையும் பார்த்தார்கள். அதில் அனுஷம் பிறந்திருந்தது. எந்தப் பஞ்சாங்கம் சரி என்ற விவாதத்தை மாமி பிறகு ஒருபோதும் எழுப்பவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தந்தை:

சகோதரி, உங்களுக்குப் பெயரை யோசிக்கச் சில வாரங்கள் கிடைத்தன. எங்களுக்கு வைத்தியசாலை நடைபாதையில் சில நிமிடங்களே கிடைத்தன. மனைவிக்கு 31ஆவது வாரத்தில் பிரஷர் 160/110 வரை ஏறியது. சிறுநீரில் புரதமும் இருந்தது. அதற்கு முந்திய இரண்டு நாட்களாகத் தலையிடி என்றும், கண்ணுக்குள் மின்னுகிறது என்றும், வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வலியை வீட்டில் எல்லோரும் வாய்வு என்றே கருதினோம். இதை வாசிக்கும் கர்ப்பிணிகளோ அவர்களது வீட்டாரோ இந்த மூன்றில் எதையும் கண்டால், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வலிப்பு வராதிருக்க மக்னீசியம் சல்பேற் ஏற்றினார்கள். நோய்க்குரிய உண்மையான பரிகாரம் பிள்ளையையும் சூல்வித்தகத்தையும் வெளியே எடுப்பதுதான் என்று விளக்கினார்கள். பிரஷரை மருந்தால் பிடித்து வைத்துக்கொண்டு, ஊசி பிள்ளையின் நுரையீரலில் வேலை செய்யும் வரை பொறுத்திருந்து, 32ஆவது வாரத்தில் எடுத்தார்கள். மகனின் நிறை 1400 கிராம்.

நாங்கள் கத்தோலிக்கர். குறைமாதக் குழந்தைகள் பிரிவில் முதல் இரவே மகனின் மூச்சு தடுமாறியது. மரண ஆபத்திலுள்ள குழந்தைக்கு, குரு இல்லாவிடத்து, எவரும் தண்ணீர் வார்த்துத் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் ஒழுங்கு. மனைவி இன்னும் கண் விழிக்காத நிலையில், அங்கு கடமையிலிருந்த கத்தோலிக்கத் தாதி ஒருவர் என்னிடம் வந்து, "பிள்ளைக்கு என்ன பேர் ஐயா?" என்று கேட்டார். வீட்டில் பேசி வைத்திருந்த நவீனமான பெயர்கள் ஒன்றும் எனது வாயில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் எனது தாயார் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் கோவிலுக்குச் செல்பவர். அந்தப் பழக்கம்தான் பேசியிருக்கவேண்டும். "அந்தோனி" என்றேன். தாதி ஊசிக்குழாயில் எடுத்த சில துளி நீரை, இன்குபேட்டரின் வட்டத் துவாரம் வழியாகக் கையை நுழைத்து நெற்றியில் விட்டார். அப்போது பிள்ளையின் காலில் கட்டியிருந்த பட்டியில் தாயின் பெயர் மட்டுமே இருந்தது. வைத்தியசாலையைப் பொறுத்தவரை, வீடு செல்லும் வரை அவன் இன்னாரின் குழந்தை மட்டுமே.

அவன் பிழைத்தான். மிகுதிச் சடங்குகளைப் பின்னர் ஆலயத்தில் நிறைவேற்றினோம். மனைவிக்கு மாத்திரம் அந்தப் பெயர் பழசு என்று இன்றும் குறை உண்டு. வேறொரு செல்லப் பெயரால்தான் அழைப்பார். அவர் இல்லாமல் வைத்த பெயர் என்பதால் அந்தக் குறை நியாயமானதே.

தெமட்டகொடையிலிருந்து ஒரு தாய்:

எனக்கு இருந்தது கர்ப்பகாலச் சுகர் மட்டுமே, இருந்தாலும் கடைசி மாதம் முழுவதும் இன்சுலின் போட்டேன். 38ஆவது வாரத்தில் வலி வர மருந்து கொடுத்தார்கள். பிறந்த பின் பிள்ளையின் சுகர் இறங்கிவிட்டதால், குதிகாலில் குத்திக் குத்தி இரத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வழக்கத்தில் ஏழாம் நாள் அகீகா (பிள்ளைக்காக ஆடு அறுத்துப் பங்கிடுவது) கொடுத்து, முடி இறக்கி, பெயர் வைப்பார்கள். ஏழாம் நாளில் பிள்ளை இன்னும் வாட்டில் இருந்தாள். உம்மா கவலைப்பட, வாப்பா மௌலவியிடம் கேட்டார். பதினான்கிலோ இருபத்தொன்றிலோ கொடுக்கலாம், பெயரை அதற்கு முன்பே வைத்தாலும் குற்றமில்லை என்று அவர் சொன்னார்.

இலங்கையில் பிறப்பைப் பதிவு செய்வதற்கு 42 நாட்கள் இருக்கின்றன. ஆகவே பிள்ளை வாட்டில் இருக்கும்போதே பதிவாளரிடம் ஓடத் தேவையில்லை. பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் வீட்டிலேயே தெளிவாகத் தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். பாடசாலை அனுமதி முதல் கடவுச்சீட்டு வரை அதுவே தொடரும். எங்களுடைய தாளில் உம்மா ஓர் எழுத்தையும் வாப்பா ஓர் எழுத்தையும் திருத்தியிருந்தார்கள். பதிவாளர் மூன்றையும் பார்த்துவிட்டு, பிள்ளையின் தாய் யாரோ அவர் எழுதியதையே எழுதுகிறேன் என்றார்.