வெள்ளம் அரித்த ரோட்டை உயர்த்திப் போட்டால் போதுமா?

வாழைத்தார்_லோடு:
வணக்கம். எனக்கு ஆழ்வார்திருநகரி பக்கம் ஒரு கிராமம். மினி லாரியில் வாழைத்தார் ஏற்றுகிறேன். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை இந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. ஏரலில் பாலத்தை ஒட்டிய இணைப்புச் சாலையே அடித்துப் போனது.

எங்கள் ஊர் ரோடும் போனது. தெற்கே இருக்கும் குளத்துத் தண்ணீர் ரோட்டின் மேலேறி வடக்கே ஆற்றுப் பக்கம் விழுந்தது. வடிந்த பிறகு பார்த்தால் வடக்கு ஓரத்தில் ஆள் ஆழத்துக்குப் பள்ளம். தார் மட்டும் பாய் மாதிரி தொங்கியது, அடியில் மண்ணே இல்லை. முந்தின நாள் வெட்டி அடுக்கிய 140 தாரும் வெளியே கொண்டுபோக வழியில்லாமல் அழுகிவிட்டது.

பள்ளத்தில் மண்ணைக் கொட்டித் தார் போட்டார்கள். அதில்தான் இன்றும் ஓட்டுகிறோம். இப்போது "நாலு அடி உயர்த்திப் போடுங்கள்" என்று ஊரில் மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். எனக்குப் போட மனம் வரவில்லை. ரோடு உயர்ந்தால் தெற்குத் தெரு வீடுகளுக்குள் தண்ணீர் நிற்காதா?

மைல்கல்:
தம்பி, அந்த மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். ரோட்டு வேலையில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்.

தண்ணீர் ரோட்டின் மேல் ஏறிய இடத்தில் அதிகம் கெடாது. மறுபக்கம் அருவியாய் விழும் இடத்தில்தான் அரிப்பு தொடங்கும். முதலில் சரிவின் அடியில் குழி விழும். அது பின்வாங்கிப் பின்வாங்கி ரோட்டுக்கு அடியில் நுழையும். நீங்கள் பார்த்த தொங்கும் தார் அதுதான். நாலு அடி உயர்த்தினால் தெற்கே இன்னும் நாலு அடி தண்ணீரைத் தேக்குகிறீர்கள். அது மீறினால் விழும் உயரமும் கூடும். ரோடு என்ற பெயரில் மதகில்லாத அணை கட்டுவது போல.

முதலில் தண்ணீருக்கு வழி கேளுங்கள். அங்கே இருப்பது குழாய்ப் பாலமா? அமலைச் செடியும் (ஆகாயத்தாமரை) வாழை மட்டையும் வந்தால் மூன்றடிக் குழாய் ஒரு மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் கொக்கி போட்டு இழுத்திருக்கிறேன், அசையாது. பெட்டி மாதிரி சதுர வாயுள்ள அகலமான கான்கிரீட் பாலங்கள், அதாவது பெட்டிப் பாலங்கள் வேண்டும், அதுவும் குளத்து மறுகால் (குளம் நிரம்பி மிஞ்சும் தண்ணீர்) வந்து முட்டும் இடத்திலேயே.

அப்புறம், மீறும் தண்ணீர் அங்கே மட்டும் ஏறிப் போகட்டும் என்று வேண்டுமென்றே ரோட்டில் ஒரு நீளத்தைத் தாழ்வாக விட்டு அங்கே கான்கிரீட் போடலாம். இரண்டு ஓரமும் ஆழமாகச் சுவர் இறக்கி, வடக்குச் சரிவில் கல் பதிக்க வேண்டும். கல்லுக்கு அடியில் வடிகட்டும் துணி விரிக்கிறார்களா என்று நின்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கல் இருந்த இடத்தில் இருக்க, இடுக்கு வழியாக மண் வெளியேறிவிடும். நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்.

தென்கரை:
தாழ்வாக விட்டால் வெள்ளத்தில் ஆம்புலன்ஸ் எப்படிப் போகும் ஐயா? எங்கள் அத்தையை அன்று கட்டிலில் வைத்துத்தான் தூக்கிப் போனோம்.

மைல்கல்:
கேட்க வேதனையாக இருக்கிறது அம்மா. தண்ணீர் ஓடும் சில மணி நேரம் போக முடியாது, உண்மைதான். ஆனால் வடிந்ததும் ரோடு அதே இடத்தில் இருக்கும். உடைந்த ரோட்டுக்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். பெட்டிப் பாலங்கள் போதுமான அளவில் இருந்தால் அந்தச் சில மணி நேரமும் குறையும்.

சர்ரே_லாரி:
நான் கனடாவில் லாரி ஓட்டுகிறேன். 2021 நவம்பர் மழையில் இங்கே கோக்விஹல்லா நெடுஞ்சாலை ஹோப்புக்கும் மெரிட்டுக்கும் நடுவே 20-க்கும் மேற்பட்ட இடங்களில் உடைந்தது. 35 நாளில், டிசம்பர் 20-ல், லாரிகளுக்குத் திறந்துவிட்டார்கள். ஆனால் அதோடு விடவில்லை. அது தற்காலிக வேலை என்று சொல்லியே செய்தார்கள். ஜூலியட், ஜெசிக்கா, பாட்டில்டாப் என்ற மூன்று இடங்களிலும் நிரந்தரப் பாலங்கள் 2023-ல் முடிந்தன. ஆறு விரிந்து ஓட இடம் விட்டுப் பழையதைவிட நீளமாகக் கட்டி, அரிப்பு எட்டாத ஆழத்துக்கு அஸ்திவாரம் இறக்கி, கரையில் பெரிய பாறைகளை அடுக்கியிருக்கிறார்கள். உங்கள் ஊரில் முதல் வேலை மட்டும்தான் நடந்திருக்கிறது அண்ணே. இரண்டாவது வேலை எப்போது என்று கேளுங்கள்.

மைல்கல்:
சரியாகச் சொன்னார். தம்பி, மனு கொடுக்கப் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். வெள்ளக் கறை எந்தச் சுவரில் எவ்வளவு உயரம், ரோடு எந்தெந்த இடத்தில் உடைந்தது, எந்தக் குழாய் அடைத்தது, எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். சர்வே எடுக்க வருபவர் அன்றைக்கு அங்கே இருந்திருக்க மாட்டார்.

வாழைத்தார்_லோடு:
ஐயா, நேற்றே டேப் எடுத்துப் போனேன். ரோட்டுக்குத் தெற்கே பம்ப்செட் ரூம் சுவரில் கறை இன்னும் இருக்கிறது, தரையிலிருந்து 5 அடி 2 அங்குலம். ரோட்டுக்கு வடக்கே அதே கறை 3 அடிக்கும் கீழே. உடைந்தது மூன்று இடம், மூன்றிலும் பக்கத்தில் ஒரு குழாய்ப் பாலம். ஒன்றில் இன்னும் மட்டை அடைத்துக் கிடக்கிறது, போட்டோ எடுத்துவிட்டேன். மனு எழுதியவரிடம் காட்டினேன். "உயர்த்து" என்பதை அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்கிறார். மூன்று இடத்துக்கும் பெட்டிப் பாலம் எவ்வளவு அகலம் கேட்கலாம் ஐயா?

மைல்கல்:
அகலத்தை நீங்கள் எழுத வேண்டாம். குளத்து மறுகாலின் முழு அளவைக் கணக்கிட்டு அகலம் முடிவு செய்யச் சொல்லி எழுதுங்கள். போட்டோக்களில் தேதி தெரிகிற மாதிரி பிரிண்ட் போட்டு இணையுங்கள்.