மெக்சிகோக் கடற்கரையில் நீங்கள் சந்தித்த மனிதர்கள்: அனுபவப் பகிர்வு

நெய்தல்வாசி எழுதியது:

சென்ற பிப்ரவரியில் மெக்சிகோவின் பசிபிக் கரையிலுள்ள புவெர்ட்டோ வயார்த்தாவில் நானும் என் மனைவியும் ஒன்பது நாட்கள் தங்கியிருந்தோம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் இந்தியர்களுக்குத் தனியே மெக்சிகோ விசா தேவையில்லை என்பதால், டாலஸில் இருக்கும் மகளைப் பார்க்கப் போன கையோடு இதையும் முடித்துக்கொண்டோம். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எதையும் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. காலையில் கடல், மதியம் தூக்கம், மாலையில் ‘மலேகோன்’ என்று அவர்கள் சொல்லும் கடலோர நடைபாதையில் ஓர் உலா, அவ்வளவுதான். டிசம்பர் முதல் மார்ச் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் அந்த விரிகுடாவுக்கு வந்துவிடுவதால், கரையில் உட்கார்ந்தபடியே இரண்டு முறை அவற்றின் வாலைப் பார்த்துவிட்டோம்.

அந்த நடைபாதையில்தான் தூபா விற்கும் பெரியவரைக் கண்டோம். தோளில் கிடந்த கழியில் பெரிய சுரைக்குடுக்கை ஒன்று தொங்கியது. அதிலிருந்து வெண்மையான பானத்தைக் கோப்பையில் ஊற்றி, பொடியாக நறுக்கிய ஆப்பிளையும் கொட்டைப் பருப்பையும் மேலே தூவித் தந்தார். ஒரு வாய் குடித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புளிக்கத் தொடங்கிய தெளுவின் சுவை அது! தென்னம்பாளையிலிருந்து இறக்குவதுதான் தூபா. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்காபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் வந்த பிலிப்பைன்ஸ் மக்கள் பாளை சீவும் தொழிலையும் ‘தூபா’ என்ற பெயரையும் அந்தக் கரைக்குக் கொண்டுவந்தார்கள் என்று பின்னர் படித்தேன்.

எனக்குத் தெரிந்த ஸ்பானியம் இருபது சொற்களைத் தாண்டாது. ஆகவே காலில் தளைநார் மாட்டி மரமேறும் எங்கள் ஊர் வழக்கத்தை நடுத்தெருவில் நடித்துக் காட்டினேன். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, குடுக்கையைக் கீழே இறக்கி வைத்து, தங்கள் பக்கம் மரத்தில் படிபோல வெட்டிவைத்து அதில் கால் ஊன்றி ஏறுவதைத் தாமும் நடித்துக் காட்டினார். இரண்டாவது கோப்பைக்கு எவ்வளவு வற்புறுத்தியும் காசு வாங்கவில்லை. அதன் பிறகு தினமும் மாலையில் எங்களைக் கண்டதும் தூரத்திலிருந்தே மரமேறும் பாவனையில் கையை ஆட்டுவார். என் மனைவிதான் கூச்சத்தில் நெளிவார்.

பயணப்பித்தன் எழுதியது:

தூபா எனக்கு வாய்க்கவில்லை. ஆனால் அதே ஊரில் நான் அசடு வழிந்த கதை ஒன்று உண்டு. மணலில் நாற்காலி போட்டிருந்த ஒரு சிறிய உணவகத்தில், முதுகைப் பிளந்து விரித்து மிளகாய் விழுது பூசிக் கரி நெருப்பில் வாட்டும் ‘சரந்தியாதோ’ மீனைச் சாப்பிட்டு முடித்து, பில்லுக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். பரிமாறுபவர் இருமுறை கடந்து சென்றும் கொண்டுவரவில்லை. எரிச்சலுடன் எழுந்தபோது, பக்கத்து மேசையிலிருந்த அம்மாள், கேட்காமல் பில்லை வைப்பது விருந்தினரைக் கிளம்பச் சொல்வதுபோல் ஆகிவிடும், ‘லா குவெந்தா, போர் ஃபவோர்’ என்று நாம்தான் கேட்க வேண்டும் என்று விளக்கினார். அவசரப்படுத்தாமல் விட்ட மரியாதையை நான் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். உணவகத்தை விட்டு வெளியேறும் முன்பின் தெரியாதவர்கள்கூட, சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைப் பார்த்து ‘ப்ரோவெச்சோ’ (நன்றாகச் சாப்பிடுங்கள்) என்று சொல்லிவிட்டே போகிறார்கள். கடைக்குள் நுழைந்தவுடன் வணக்கம் சொல்லாமல் விலை கேட்டால்தான் முகம் சற்றுச் சுருங்குகிறது. கடற்கரையில் வெள்ளி நகை, தொப்பி, போர்வை என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் வருவது சலிப்பூட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சிரித்துக்கொண்டே ‘நோ, கிராசியாஸ்’ என்றால் அவர்களும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள்.

அலைவாய் எழுதியது:

நாங்கள் போனது நவம்பரில். எங்கள் விடுதிக் கரையில் ஒரு மாலை, பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விட்டார்கள். சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் அதே இனம்தான். கைபட்டால் தோலில் பூசியிருக்கும் களிம்பு குஞ்சின் மேல் ஒட்டிவிடும் என்பதால், ஆளுக்கொரு குடுக்கை ஓட்டில் ஒரு குஞ்சை வைத்துக் கொடுத்தார்கள். என் எட்டு வயது மகன் ஓட்டை வெகுநேரம் சாய்க்காமலே நின்றான். பொறுப்பிலிருந்த இளைஞர் அவனை அதட்டவில்லை. அருகில் மணலில் மண்டியிட்டு அமர்ந்து, ‘தெஸ்பாசியோ’ என்றார். ‘மெதுவாக’ என்று பொருளாம். அவன் சாய்த்த குஞ்சு நான்கு முழம் நடந்தது, அலை அதைப் புரட்டித் திரும்பக் கரையில் போட்டது, மறுபடியும் அது கடலைப் பார்த்துத் திரும்பி நடந்தது. இருட்டும் வரை அந்த இளைஞரும் எங்களோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.