தினமும் ஓட்டவும் தடத்தில் விரட்டவும் ஒரே கார்: ஆலோசனை தேவை

நண்பர்களுக்கு வணக்கம். அலுவலகம் போய்வரவும், அவ்வப்போது இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓட்டவும் ஏற்ற ஒரு காரைத் தேடுகிறேன். 2022-இல் இந்திய விற்பனை நிறுத்தப்பட்ட ஃபோக்ஸ்வேகன் போலோவின் 1.0 டிஎஸ்ஐ (1 லிட்டர் டர்போ பெட்ரோல்) மேனுவல் வண்டியைப் பழையதாக வாங்குவதா, 120 குதிரைத்திறனும் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்கும் கொண்ட ஹூண்டாய் ஐ20 என் லைனைப் புதிதாக எடுப்பதா என்பதே என் குழப்பம். (மனம் போலோவின் பக்கம்தான் சாய்கிறது; ஆனால் அதன் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்.)

எதை வாங்கினாலும், இன்ஜினின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டும் ரீமேப்பைத் தொடாமல், முதலில் பிரேக் பேடு, பிரேக் ஆயில், டயர் ஆகியவற்றை மட்டுமே மாற்ற எண்ணுகிறேன். ஏனெனில், வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்தி ஆயில் கொதித்து, பெடல் பஞ்சுபோல் அமுங்கத் தொடங்கிவிட்டால், கூடுதல் குதிரைத்திறனால் பயனில்லை. தடத்தின் வெப்பத்தைத் தாங்குவதோடு, காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதும் நன்றாகப் பிடிக்கும் பேடு எது? ஸ்பிரிங்கை மாற்றினால் நம் ஊர் வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசுமா? இவ்வண்டிகளைத் தடத்தில் ஓட்டியவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.