ஃபில்லர் பயிற்சி: ரத்தக்குழாய் அடைப்பை எந்த மாதிரியில் காட்டுவது?

2 நாள் ஹயலூரானிக் அமில ஃபில்லர் (முகச் சுருக்கம், பள்ளத்தை நிரப்ப ஊசியில் போடும் ஜெல்) பயிற்சி. ஊசி போடக் கை சீக்கிரம் படிந்துவிடுகிறது. ஜெல் ரத்தக்குழாயை அடைத்தால் அதைக் கண்டுபிடிப்பதில்தான் டாக்டர்கள் திணறுகிறார்கள். தோல் வெளுப்பது, அழுத்தி விட்டால் நிறம் தாமதமாகத் திரும்புவது, இதைக் காட்ட வழியில்லை.

சிலிக்கான் முகம் வெளுக்காது. பன்றித்தோலில் ஆழம் பழகலாம், ரத்த ஓட்டம் கிடையாது. சடலத்தில் மூக்கோரத் தமனி தெரியும், நிறம் மாறாது. வீடியோவுக்குத் தலையாட்டுவார்கள், ஜெல்லைக் கரைக்கும் மருந்தான ஹயலூரானிடேஸ் 1500 யூனிட் குப்பியைக் கையில் கொடுத்தால் எத்தனை மில்லி சலைனில் கரைப்பது என்று முழிப்பார்கள். ஊசி குத்தியதும் சிரிஞ்சின் தண்டைப் பின்னிழுத்து ரத்தம் வராவிட்டால் பத்திரம் என்ற நம்பிக்கை வேறு. 27 கேஜ் மெல்லிய ஊசிக்குள் ஜெல் அடைத்திருக்கும்போது ரத்தம் எப்படி வரும்?

சாயநீர் ஓடும் மாதிரியில், நிறம் திரும்பும் நேரத்தை 1 விநாடியிலிருந்து 5 விநாடிக்கு மாற்ற எந்தத் தோல்பொருள், எந்த பம்ப் சரிப்படும்?