கலைச்சொல் வேண்டும்: ‘பீஸ்கீப்பிங்’ (கானா பாடத்துக்காக)

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். இளங்கலை அரசியல் அறிவியல் மாணவர்களுக்காக, மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் வெளியுறவு பற்றிய ஒரு பாடத்தை மொழிபெயர்த்து வருகிறேன். திங்கட்கிழமை காலையில் அச்சுக்குப் போகிறது. போர் நின்ற இடத்தில் நடுநிலைப் படை நின்று அமைதி குலையாமல் பார்ப்பதைக் குறிக்கும் ‘பீஸ்கீப்பிங்’ என்ற ஒரு சொல் இரண்டு நாளாக என்னை நகரவிடவில்லை.

செய்தித்தாள்களைப் போல ‘அமைதிப்படை’ என்று எழுதித்தான் தொடங்கினேன். 1957இல் விடுதலை பெற்ற கானா, 1960இலேயே ஐ.நா. கொடியின்கீழ் காங்கோவுக்குப் படை அனுப்பியது. 1979இல் தெற்கு லெபனானுக்கும் அனுப்பியது. இதுவரை இடறவில்லை. ஆனால் 1990 ஆகஸ்டில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து லைபீரியாவில் இறக்கிய எக்கோமாக் படையை என்ன சொல்வது? முதல் தளபதி கானாவின் ஆர்னல்டு குவைனூ. பெயரில் அது கண்காணிப்புக் குழு. லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் கால் வைத்ததும் கிளர்ச்சித் தலைவர் சார்லஸ் டெய்லரின் ஆட்களோடு மோதல். படைபலத்தால் அமைதியைக் கொண்டுவரும் இதற்கு மூலத்தில் ‘பீஸ் என்ஃபோர்ஸ்மென்ட்’ என்று வேறு சொல். 2003 ஆகஸ்டில் லைபீரியப் போரை முடித்துவைத்த ஒப்பந்தம் கானாவின் தலைநகர் அக்ராவில் கையெழுத்தானது. அந்தப் பேச்சுவார்த்தைக்கு ‘பீஸ்மேக்கிங்’. மூன்றும் ஒரே பத்தியில் வருகின்றன.

அமைதி காப்பு, அமைதி திணிப்பு, சமரசம் என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

*

மறுமொழி 1

தம்பி, ‘காப்பு’ வேண்டாம். நூல் தொடங்கும்போது பாடுவது காப்பு, கையில் போடுவது காப்பு, திருவிழாவுக்குக் கட்டுவதும் காப்பு. ‘சமரசம்’ தமிழும் அன்று.

இந்தப் படைக்கு இலக்கணம் என்ன? அதற்குப் பகைவன் இல்லை. குறள் உரையில் பரிமேலழகர் ‘பகை, நொதுமல், நட்பு’ என்று மூன்றாகப் பிரிப்பார். நொதுமல் என்பது பகையும் நட்பும் அல்லாத நிலை. ‘நொதுமற்படை’ என்று சொல்லிப் பாருங்கள், பொருள் தானே நிற்கிறது. பேச்சுவார்த்தைக்குப் புறநானூற்று 45ஆம் பாட்டைப் பாருங்கள். உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான் நலங்கிள்ளி, உள்ளே கதவடைத்திருக்கிறான் நெடுங்கிள்ளி. இருவரும் சோழர். இருவர் தலையில் சூடிய கண்ணியும் ஆத்தியே. யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடி என்று கோவூர் கிழார் இடையில் நின்று பாடுகிறார். துறை துணைவஞ்சி. உரைகாரர் அதைச் ‘சந்து செய்வித்தல்’, அதாவது இருவரையும் இணங்கவைத்தல், என்பர். ‘சந்து செய்தல்’ போதுமே.

*

மறுமொழி 2

புலவர் ஐயாவுக்கு வணக்கம். வகுப்பறையில் முப்பது வருடம் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன். ‘சந்து’ என்றால் மாணவனுக்குத் தெரு நினைவுக்கு வரும். அதுவும் ‘சந்தி’யிலிருந்து வந்தது என்பார் உண்டு, ‘சமரச’த்தைத் தள்ளிவிட்டு இதை ஏற்பது எப்படி? ‘நொதுமலர்’ என்றால் அகப்பாட்டில் தலைவியைப் பெண் கேட்டு வரும் அயலார். நொதுமலர் வரைவு படித்த பிள்ளை லெபனானில் எதற்குப் பெண் கேட்கிறார்கள் என்று கேட்பாள். ‘இடைநிற்கும் படை’ என்றும் எழுதிவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் இடைநிற்றல் என்றால் படிப்பை நிறுத்துவது.

‘அமைதி காக்கும் பணி’ என்று நீட்டி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

*

மறுமொழி 3

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். ‘அமைதிப்படை’யைத் தம்பி கைவிட்டது நல்லது. எங்களுக்கு அது பொதுச்சொல் அன்று. 1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு வந்து, அந்த அக்டோபரிலேயே போரில் இறங்கி, 1990 மார்ச்சில் திரும்பிய இந்தியப் படையின் பெயர். அது ஐ.நா. படையும் அல்ல. அதே சொல்லைக் கானா வீரருக்குச் சூட்டினால், எங்கள் பக்கத்து வாசகர் அந்த வரியைத் தாண்டமாட்டார். சொல்லுக்கு வேர் மட்டும் போதாது, ஐயா. அது எங்கெல்லாம் போய் வந்தது என்றும் பார்க்க வேண்டும்.

பேச்சுவார்த்தைக்கு எங்கள் வழக்கு ‘சமாதான முயற்சி’. வடமொழிதான். எவருக்கும் விளங்கும்.

*

மறுமொழி 4

நான் கேட்பது வேறு. அமைதியைக் காப்பது என்றால் அமைதி முன்பே இருக்க வேண்டும் அல்லவா?

1994 ஏப்ரல், ருவாண்டாவின் தலைநகர் கிகாலி. இனப்படுகொலை தொடங்கிய நேரம், ஐ.நா. படை அங்கே இருந்தது. 7ஆம் தேதி அதிலிருந்த பெல்ஜிய வீரர் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்தது. 21ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு அவை அந்தப் படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. எஞ்சி நின்றவர்களில் பெரும்பாலோர் கானாக்காரர்கள். துணைத் தளபதியான கானாவின் ஹென்றி அன்யிடோஹோ போகக் கூடாது என்று நின்றார். அமாஹோரோ விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கான மக்கள் அடைந்து கிடந்தார்கள், வெளியே கொலை. வாயிலில் நின்றவர்களிடம் இருந்த ஆயுதமும் வண்டியும் சொற்பம். ‘அமாஹோரோ’ என்றால் அந்த நாட்டு மொழியில் அமைதி என்றே பொருள். அங்கே காக்கப்பட்டது மனிதர்கள். ஆகவே ‘காப்பு’ என்ற வேர் இருக்கட்டும், ‘அமைதி’யைத்தான் எடுக்க வேண்டும் என்பேன். ‘காவற்பணி’ போதாதா?

அப்போது ஐ.நா.வின் பீஸ்கீப்பிங் துறைத் தலைவராக இருந்தவரும் கானாக்காரர்தான், கோஃபி அன்னான். பாடத்தில் அன்யிடோஹோவுக்கும் அவருக்கும் அடுத்தடுத்து இடம் கொடுங்கள், தம்பி. ஒரே நாடு அந்த மாதத்தில் எங்கெங்கே நின்றது என்று மாணவர் பார்க்கட்டும்.

*

மறுமொழி 5

‘காவற்பணி’ என்றால் போலீஸ். ஐ.நா. போலீசாரும் தனியாக இருக்கிறார்கள். அவர்களை எங்கே வைப்பீர்கள்? ஐ.நா. சாசனத்திலேயே ‘பீஸ்கீப்பிங்’ என்ற சொல் கிடையாது. ஆறாம் அத்தியாயம் பேசித் தீர்ப்பது, ஏழாம் அத்தியாயம் படைபலம். இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் பீஸ்கீப்பிங்கை ஆறரை அத்தியாயம் என்று சொல்லும் வழக்கே உண்டு. மூலச்சொல்லே தளர்வாக இருக்கும்போது நாம் மட்டும் இறுக்கிக் கட்ட முடியாது. அமைதி காப்பு இருக்கட்டும்.

*

மறுமொழி 6

அனைவருக்கும் நன்றி. ஞாயிறு இரவு பதினொரு மணி. ‘அமைதி காப்பு’, ‘அமைதி திணிப்பு’, ‘சமாதான முயற்சி’ என்று அனுப்புகிறேன். நால்வர் ஏற்கிறார்கள், புலவர் ஐயா ஏற்கவில்லை. கிகாலிப் பத்தியில் மட்டும் ‘அமைதி காப்பு’ என்று எழுதக் கை வரவில்லை. ‘அரங்கத்தைக் காத்து நின்ற கானா வீரர்கள்’ என்று மாற்றியிருக்கிறேன். அன்னானை அடுத்த வரியில் வைத்துவிட்டேன்.

*

மறுமொழி 7

தம்பி, அனுப்பியது அனுப்பியதாக இருக்கட்டும். ‘திணிப்பு’ என்றதும் நம் பிள்ளைகளுக்கு இந்தித் திணிப்பு நினைவுக்கு வரும். அமைதியை அதோடு சேர்க்கலாமா? அடுத்த பதிப்புக்கு ‘நிறுவல்’ என்று குறித்து வையுங்கள். நொதுமலை நான் விடுவதாக இல்லை.