மெத்தை மாத்தணும், கெட்டியா வாங்கவா மெதுவா வாங்கவா? ஏசி இல்லாத ரூமு

சமாதானபுரத்தான்:
அண்ணாச்சிமாரே, கடை கடையா ஏறி எறங்கி குழம்பிப் போயி கேக்கேன். எனக்கு 88 கிலோ, வீட்ல 54. நான் ஒருக்களிச்சு படுப்பேன், அவ மல்லாக்க. காலைல எந்திரிக்கும்போது இடுப்பு பிடிச்ச மாதிரி இருக்கு, கொஞ்சம் நடந்தா பத்து நிமிசத்துல விட்ரும். இப்ப கெடக்கது தேங்கா நார் மெத்தை, நடுவுல குழி விழுந்துட்டு. கட்டில் தாத்தா காலத்து தேக்கு, உள்ளளவு 75க்கு 60 இஞ்சு. மேக்க பாத்த ரூமு, சித்திரை வைகாசில செவுத்துல கை வைக்க முடியாது. கடைக்காரரு "ஆர்த்தோ எடுங்க, கல்லு மாதிரி இருக்கும், இடுப்புக்கு அதான் மருந்து"ங்காரு. மச்சினன் மெமரி ஃபோம்ங்கான். எங்கம்மா பத்தமடைப் பாய விரிச்சு தரையில படுல, எல்லாம் சரியாவும்ங்கா. 20,000க்குள்ள முடிக்கணும். யார் பேச்ச கேக்க?

பாளை பிசியோ:
ஆர்த்தோங்கிறது கம்பெனிக்காரங்க வச்ச பேருதான், எந்த டாக்டரும் சீட்டு எழுதிக் கொடுத்தது கிடையாது. கெட்டியா இருந்தா இடுப்புக்கு நல்லதுன்னு நம்மூர்ல எல்லாரும் சொல்லுதாவ, ஆனா 2003ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையில ஸ்பெயின்ல செஞ்ச ஆய்வு ஒண்ணு வந்துச்சு, ரொம்ப நாளா இடுப்பு வலி உள்ள 313 பேர்ல பாதிப்பேருக்கு கெட்டி மெத்தை, பாதிப்பேருக்கு நடுத்தரக் கெட்டி. 90 நாள் கழிச்சு பாத்தா படுக்கையில வலி, எந்திரிக்கும்போது வலி ரெண்டுமே நடுத்தரத்துல படுத்தவங்களுக்குத்தான் கூடுதலா கொறைஞ்சிருந்துச்சு.

நீங்க ஒருக்களிச்சு படுக்கீங்க. அப்ப தோளும் இடுப்பெலும்பும் கொஞ்சம் உள்ள எறங்கணும், எறங்கலன்னா தோள் மரத்துப் போவும், இடுப்புக்கு மேல உள்ள வளைவு தாங்கல் இல்லாம தொங்கும். ரொம்ப மெதுவா இருந்தா இடுப்பு மட்டும் அமுங்கி முதுகெலும்பு வளையும். முழங்காலுக்கு நடுவுல ஒரு தலகாணி வைங்க, மெத்தை வாரதுக்கு முன்னாலயே வித்தியாசம் தெரியும். அம்மா சொல்ற தரை, மல்லாக்க படுக்கவங்க சில பேருக்கு ஒத்துக்கும், உங்களுக்கு தோள்தான் போவும்.

கால் மரத்துப் போறது, பலம் கொறையிறது, ராத்திரி வலி எழுப்பி விடுறது, காலைல அரை மணிக்கு மேல பிடிச்சே கெடக்குறது, இதுல எதாச்சும் இருந்தா மெத்தைக்கடைக்கு போகாதீங்க, டாக்டர்ட்ட போங்க.

அம்பை ஆத்தங்கரை:
என்ன வே இது, எல்லாரும் ஃபோம் ஃபோம்னு. இலவம்பஞ்சு மெத்தை தச்சுப் போடும், சூடே ஏறாது. எங்க ஆச்சி வீட்ல இப்பவும் அதான், வருசா வருசம் வெயில்ல போட்டு அடிச்சு எடுப்பாவ, சொகமா தூக்கம் வரும்.

மெத்தைக்கடை மருமவன்:
அம்பை அண்ணாச்சி, சூடு விசயத்துல நீங்க சொல்றது சரிதான். ஆனா 88 கிலோ ஆளுக்கு இலவம்பஞ்சு சீக்கிரம் அமுங்கி கட்டி கட்டியா ஆயிரும், பஞ்ச பிரிச்சு அடிச்சு திரும்ப தைக்க ஆளு கெடைக்கிறதே இப்ப கஷ்டம், வீட்ல ஆஸ்துமா யாருக்காச்சும் இருந்தா தூசி வேற.

சமாதானபுரத்தாருக்கு சொல்லுதேன். கடையில "40 டென்சிட்டி சார், நல்லா கெட்டியா இருக்கும்"பாவ. டென்சிட்டி வேற கெட்டித்தனம் வேற. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தன கிலோங்கிறதுதான் டென்சிட்டி, அது எத்தன நாள் உழைக்கும்னு சொல்லும், மெதுவா கெட்டியான்னு சொல்லாது. உங்க எடைக்கு, மெத்தையில அடி அடுக்கா உள்ள ஃபோம் 32க்கு கொறையாம இருக்கணும், 40 கெடைச்சா நல்லது. ரீபாண்டட்னு ஒண்ணு விப்பாவ, அது வெட்டுன துண்டு ஃபோமை எல்லாம் ஒட்டி அமுக்குனது, டென்சிட்டி நம்பர் பெருசா இருக்கும், அடியில ஒரு அடுக்கா இருந்தா பரவால்ல, முழுசா அதுலயே படுத்தா நீங்க சொன்ன கல்லுதான். உறைக்கு ஜிப் இருந்தா தொறந்து காட்டச் சொல்லுங்க, காட்ட மாட்டேன்னா அடுத்த கடைக்கு நடையக் கட்டுங்க. கையால அமுக்கிப் பாத்து ஒண்ணும் தெரியாது, செருப்ப கழத்திட்டு ரெண்டு பேரும் சேந்து ஒரு கால் மணி நேரம் நீங்க எப்பவும் படுக்க மாதிரி படுத்துப் பாருங்க, வெக்கப்படாதீங்க.

வாரண்டி 10 வருசம்னு போட்டிருக்கும், எத்தன இஞ்சு குழி விழுந்தா மாத்துவாவன்னு உள்ள படிங்க. கறை பட்டா வாரண்டி கெடையாதுன்னும் நெறைய பேரு எழுதியிருப்பாவ.

வள்ளியூர் காத்து:
மெமரி ஃபோம் உடம்பு சூட்டுலதான் எளகும், அதனால உடம்ப சுத்தி மூடிக்கிட்டு காத்து போகாது. ஏசி ரூமுக்கு சரி, நம்ம மேக்குச் செவுத்து ரூமுக்கு மச்சினனே வந்து படுக்கட்டும் 😄 பாக்கெட் ஸ்பிரிங்னா, அதாவது ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனி துணிப்பையில இருக்க மெத்தைன்னா, உள்ள காத்து போய்வரும், துளை போட்ட லேடெக்ஸும் (ரப்பர் ஃபோம்) நல்லாருக்கும், ஆனா நல்ல லேடெக்ஸ் உங்க பட்ஜெட்டுல அடங்காது. அப்புறம் தண்ணி உள்ள போகாத பிளாஸ்டிக் ப்ரொடெக்டர் போட்டா எந்த மெத்தையும் வேத்து ஊத்தும், பருத்தி உறை போடுங்க.

சமாதானபுரத்தான்:
நல்லா வெவரமா சொன்னீங்க. ஒரு சந்தேகம், எனக்கு ஒரு கெட்டி அவளுக்கு ஒரு கெட்டின்னு தனித்தனியா ரெண்டு பீஸா போடலாமா? நான் பொரண்டா அவ முழிச்சிருதா.

மெத்தைக்கடை மருமவன்:
தாராளமா போடலாம், 75க்கு 30 ரெண்டு, ஒரே உயரத்துல, மேல ஒரே பெட்ஷீட்டு. பழைய தேக்கு கட்டில் எல்லா எடத்துலயும் ஒரே அளவா இருக்காது, தலைமாடு நடு கால்மாடு மூணு எடத்துல டேப் வச்சு பாத்து, கொறைஞ்ச அளவுல அரை இஞ்சு கழிச்சு ஆர்டர் குடுங்க.

துட்டு குடுக்கதுக்கு முன்னால இன்னொண்ணு. பழைய மெத்தைய தூக்கிட்டு கட்டில் பலகைய பாருங்க, பலகையே நடுவுல வளைஞ்சிருந்தா புது மெத்தையும் குழி விழுந்துதான் போவும். ஆசாரிய கூப்பிட்டு அடியில ஒரு குறுக்குச் சட்டம் அடிக்கச் சொன்னா போதும்.

சமாதானபுரத்தான்:
இப்பதான் பாத்தேன் அண்ணாச்சி, ரெண்டு பலகை வளைஞ்சிருக்கு. நாளைக்கு ஆசாரி வாராரு.